ஆள் ஏற்றும் வண்டி

பன்னிரண்டு வருசம் மீன் ஏற்றியவன் நான்.
தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் இரண்டரைக்கு லோடு,
மார்த்தாண்டம் சந்தையில் நாலுக்கு இறக்கம்.
சாளை குலுங்கினால் குறை சொல்லாது.
சூரை எழுந்து நின்று
'அண்ணே, பைங்குளம் தாண்டியாச்சா' என்று கேட்காது.
வளைவில் ஐஸ் மட்டும்
ஒரு பக்கமாய்ச் சரிந்து முனகும்.

இப்போது ஆள் ஏற்றப் படிக்கிறேன்.
ஜெராக்ஸ் கடையில் சுருள்கம்பி போட்டு வாங்கிய புத்தகம்,
கேள்வி முந்நூற்றுப் பதினாறு.
அ, ஆ, இ, ஈ.
ஒன்றாம் கிளாஸில் விட்ட சண்டை
நாற்பத்தொன்றில் மறுபடி.

ரோசிலி கேட்பாள், நான் சொல்வேன்.
சருவம் கழுவிய கை அவளுக்கு.
புரட்டிய பக்கத்திலெல்லாம்
செதில் ஒன்று காய்ந்து மினுங்கும்.

'ஆளில்லாத ரயில்வே கேட்?'
நிறுத்தணும். கண்டக்டர் இறங்கி நடந்து போய்
ரெண்டு பக்கமும் பார்க்கணும்.
'கண்டக்டர் இல்லேன்னா?'
அது புக்கில இல்ல.
'இருக்கு. வாசிக்காம பேசாத.'
'டீசல் அடிக்கும்போது உள்ளே ஆள் இருக்கலாமா?'
கூடாது.
'படியில தொங்கினா?'
வண்டியை எடுக்கக் கூடாது.
'எவனாவது எடுக்காம இருக்கானா?'
அதற்கு எழுத்து இல்லை.

சந்தையில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது
காலிப் பெட்டிகளை ஆள்களாக நினைத்துக்கொள்வேன்.
பக்கத்து சீட்டில் மூடியில்லாத வாளி, கழுத்துவரை தண்ணீர்.
சிந்தினால் ஒருவர் விழுந்ததாகக் கணக்கு.
காப்புக்காடு வளைவில் இதுவரை
ஒன்பது பேர் விழுந்திருக்கிறார்கள்.
ஒருத்தி கைக்குழந்தைக்காரி.

ஐஸ் பிளாண்டில் கூட்டாளி டயனீஷியஸ்
ஒரு சூத்திரம் சொன்னான்:
'லேய் மக்கா, எதுல "மெதுவாக"ன்னு வருதோ
அதைத் தட்டு. முக்கால்வாசி சரியா இருக்கும்.'
இருந்தது.
இருபதுக்குப் பதினேழு, பதினெட்டு.

நேற்று ராத்திரி மழை. கரண்டு இல்லை.
போன் வெளிச்சத்தில் ரோசிலி கேட்டாள்:

'புதுக்கடை ஸ்டாப்பு. ஸ்டாப்புலதான் நிக்கிறா ஒருத்தி.
தலையில காலிச் சருவம். மணி ரெண்டு, நல்ல வெயிலு.
கை காட்டுறா.
அ, நிறுத்தணும்.
ஆ, தள்ளிப் போய் நிறுத்தணும், அவ ஓடி வாறதுக்குள்ள எடுத்துரணும்.
இ, பின்னால வண்டி வருதுன்னு சைகை காட்டணும்.
ஈ, பார்த்துட்டுப் பார்க்காம போகணும்.'

எத்தனையாவது கேள்வி, என்றேன்.
பக்கம் புரளும் சத்தம் இல்லை.
போன் அணைந்தது. அவள் விரல் பட்டு
மறுபடி வெளிச்சம்.

'அ' என்றேன்.
'அதுல "மெதுவாக"ன்னு போட்டிருக்கா?'
இல்ல.
'பின்ன எப்படித் தெரிஞ்சுது?'
மழை ஓட்டில் விழுந்துகொண்டே இருந்தது.
அவள் புத்தகத்தை மூடித் தலையணைக்கடியில் வைத்தாள்.

இன்று மார்த்தாண்டம் ஆபீஸ்.
கம்ப்யூட்டர் முன்னால் பழகிய முகங்களாக
ஒவ்வொன்றாய் வந்தன.
மஞ்சள் கோடு வந்தது. வெள்ளைக் கோல் வந்தது.
ஆம்புலன்ஸ் வந்தது, வழி விட்டேன்.
புதுக்கடை ஸ்டாப் வரவில்லை.
பத்தொன்பது என்றது திரை.
தப்பிய ஒன்று எது என்று சொல்லவில்லை.

பஸ்ஸில் திரும்பினேன், டிரைவருக்கு நேர் பின் சீட்டில்.
துவைத்த சட்டைதான்.
என்றாலும் பக்கத்தில் இருந்தவர்
ஜன்னல் கண்ணாடியை முழுக்கத் தள்ளினார்,
தள்ளியதற்கு மேலும் தள்ளிப் பார்த்தார்.
பரீட்சை பாஸ் என்று அவரிடம் சொல்லலாமா என்றிருந்தது.

மணி ரெண்டாகப் போகிறது.
புதுக்கடை நெருங்குகிறது.
தூரத்தில், ஸ்டாப்பில்,
யார் தலையிலோ அலுமினியம் வெயிலை வெட்டுகிறது.

நான் சாலையைப் பார்க்கவில்லை.
டிரைவரின் வலது காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.